கார்பனா, டைட்டானியமா? நெடுந்தூர சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். வயது 41, எடை 76 கிலோ, ஊர் சென்னை. வாரக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறீர்கள். பி.ஆர்.எம். எனும், கால வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டங்களில் 200, 300 கிலோமீட்டர் முடித்தாயிற்று. 400-உம் 600-உம் பாக்கி. பிரான்ஸில் நடக்கும் 1,200 கிலோமீட்டர் ஓட்டமான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மீது, 2027-க்கு ஒரு கண். இப்போது கையில் இருப்பது 25 மி.மீ. டயர் போட்ட அலுமினிய சைக்கிள். நாலைந்து மணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகின்றன. சேர்த்துவைத்த பணத்தில் பெரிய நிறுவனம் ஒன்றின் நடுத்தர கார்பன் இழை சைக்கிள் வாங்கலாம். அல்லது சீனாவில் அளவு கொடுத்துச் செய்யும் டைட்டானியம் ஃபிரேமை வரவழைத்து, பாகங்களை இங்கே பூட்டிக்கொள்ளலாம். எது வேகம், எது சொகுசு, நம் வெயிலில் கார்பன் இளகிவிடாதா, டைட்டானியம் உண்மையாகவே ஆயுள் முழுக்க வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு டைட்டானியம்தான் சரி என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுகூட அதற்குக் காரணம் இல்லை. வேகத்திலும் சொகுசிலும் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி, விளம்பரங்களைப் படிப்பவர் நினைப்பதைவிட மிகச் சிறியது. பெரிய இடைவெளி இருப்பது நீங்கள் சைக்கிளை ஓட்டாத நேரங்களில். டீக்கடைச் சுவரில் சாய்த்து வைக்கும்போது, பஸ்ஸில் ஏற்றும்போது, வியர்வையும் உப்பும் படிந்த நிலையில் துடைக்காமல் வீட்டு மூலையில் நிறுத்தும்போது, தெரியாத ஊர் மெக்கானிக் ஒருவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பொறுத்துத்தான் நான் ஃபிரேமைத் தேர்ந்தெடுப்பேன்.

எடையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீங்கள் பார்க்கும் தரத்தில் கார்பன் ஃபிரேம் 900 முதல் 1,100 கிராம் வரை இருக்கும். டைட்டானியம் 1,500 முதல் 1,700 கிராம். மற்ற பாகங்களெல்லாம் ஒன்றே என்று வைத்தால் வித்தியாசம் 600 கிராம். அந்த 600 கிராமை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 5,900 ஜூல் ஆற்றல் செலவாகும். நெடுந்தூர ஓட்டத்தில், களைத்த காலோடு, ஏற்றத்தில் 130 வாட் தருகிறீர்கள் என்றால் அது 45 நொடி. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸின் 1,200 கிலோமீட்டரில் மொத்த ஏற்றம் சுமார் 12,000 மீட்டர். ஆக ஒன்பது நிமிடம். கால வரம்போ 90 மணி நேரம். வழியில் உள்ள ஒரு கன்ட்ரோலில் (சோதனை நிலையத்தில்) முத்திரைக்கும் சூப்புக்கும் வரிசையில் நிற்பதிலேயே அந்த ஒன்பது நிமிடம் போய்விடும். நீங்கள் சுமக்கும் இரண்டு தண்ணீர் பாட்டில்களும் நிறைந்திருந்தால் ஒன்றரை கிலோ. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

காற்றுத்தடை விஷயத்தில் கார்பனுக்குக் கூடுதல் சாதகம் உண்டு, மறுக்கவில்லை. அச்சில் வார்ப்பதால் குழாய்க்கு எந்த வடிவமும் கொடுக்கலாம். டைட்டானியம் பெரும்பாலும் உருண்டைக் குழாய். மணிக்கு 40 கிலோமீட்டரில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுகிறவருக்கு இது கணக்கில் வரும். பி.ஆர்.எம். ஓட்டத்தில் உங்கள் சராசரி 22, 23 இருக்கலாம். மொத்தக் காற்றுத்தடையில் முக்கால் பங்கு அளவுக்கு உங்கள் உடம்பே காரணம். அதோடு முன்னால் ஒரு பை, விளக்கு, ஒளிரும் மேலாடை என்று கட்டிக்கொண்ட பிறகு ஃபிரேமின் கத்தி போன்ற வடிவத்தால் என்ன பயன்?

நீங்கள் பந்தயக்காரராக இருந்திருந்தால் மேலே சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லியிருப்பேன். 1986-இல் கிரெக் லெமாண்ட் லுக் நிறுவனத்தின் கார்பன் சைக்கிளில் டூர் டி பிரான்ஸை வென்றார். அந்த ஃபிரேமில் கார்பன் குழாய்களை அலுமினிய இணைப்புகளில் ஒட்டியிருந்தார்கள். இன்று தொழில்முறைப் பந்தயங்களில் கார்பனைத் தவிர வேறொன்று கண்ணில் படாது. சர்வதேச சைக்கிள் சங்கம் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளுக்கு 2000-ஆம் ஆண்டு தொடங்கித் தடை விதித்திருக்கிறது. டிஸ்க் பிரேக், காற்றைக் கிழிக்கும் வடிவம், தடித்த சக்கரம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அந்த எடையை எட்ட வேண்டுமென்றால் கார்பன்தான் ஒரே வழி. ஒரு சைக்கிள் உடைந்தால் பின்னால் வரும் காரில் இன்னொன்று இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். உங்கள் பின்னால் கார் வருவதில்லை.

அடுத்து சொகுசு. டைட்டானியம் சைக்கிள் மிதந்துகொண்டு போகும் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சைக்கிள் ஃபிரேம் என்பது இரண்டு முக்கோணங்கள். முக்கோணமாகக் கட்டியது மேலிருந்து கீழே அழுத்தினால் மசியாது. பாலங்களை அதனால்தான் முக்கோணமாகக் கட்டுகிறார்கள். நல்ல பள்ளத்தில் இறங்கினாலும் ஃபிரேம் செங்குத்தாக வளைவது மிக மிகக் குறைவு. ஆனால் 32 மி.மீ. டயர் பல மில்லிமீட்டர் அமுங்குகிறது. நீளமாக வெளியே தெரியும், சீட்டைத் தாங்கும் 27.2 மி.மீ. தண்டான சீட்போஸ்ட் கண்ணுக்குத் தெரியாமல் பின்னோக்கி வளைந்து கொடுக்கிறது. சீட்டும் ஹேண்டில்பார் சுற்றுநாடாவும் தம் பங்குக்கு மசிகின்றன. இவற்றையெல்லாம் தாண்டி ஃபிரேம் எதனால் செய்தது என்பதை உங்கள் உடம்பு கண்டுபிடிக்கும் என்று நான் நம்பவில்லை. ஒரே டயர், ஒரே காற்றழுத்தம், ஒரே சீட்போஸ்ட் போட்டுக் கண்ணைக் கட்டி ஓட்டவிட்டால் பெரிய வாய்ச்சொல் வீரர்களும் தடுமாறுவார்கள்.

டைட்டானியத்துக்கு இந்தப் பெயர் வந்ததற்கு வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் ஏறக்குறைய பாதி. 1970-களில் அமெரிக்காவில் டெலிடைன் நிறுவனம் 'டைட்டன்' என்ற பெயரில் விற்ற ஃபிரேம்கள் கலப்பில்லாத டைட்டானியத்தில் செய்தவை. அவை நெளிந்தன, சில உடைந்தும் போயின. 1980-களின் பிற்பகுதியில் மெர்லின் போன்ற பட்டறைகள் விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்குப் பயன்பட்ட கலப்புலோகத்தை எடுத்துக்கொண்டன. அதில் 3 சதவீதம் அலுமினியம், 2.5 சதவீதம் வனேடியம். இன்றும் நல்ல டைட்டானியம் ஃபிரேம் என்றால் பெரும்பாலும் அந்தக் கலப்புதான். வியாபாரத்தில் 'கிரேடு 9' என்பார்கள். குழாயின் விட்டத்தைக் கூட்டினால் விறைப்பு மிக வேகமாகக் கூடும்: சுவரின் தடிப்பை மாற்றாமல் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். ஆகவே டைட்டானியம் ஃபிரேம் நெளிவாக இருப்பதும் விறைப்பாக இருப்பதும் பட்டறைக்காரர் எந்த விட்டத்தில் குழாய் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. கார்பனுக்கும் இதே கதை: எந்த இழை, எத்தனை அடுக்கு, எந்தக் கோணம் என்று தீர்மானித்தவர் யார் என்று பாருங்கள்.

இதனால் உங்கள் விரல் மரத்துப்போவதற்கு ஃபிரேம் மாற்றுவது மருந்து ஆகாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கின்றன என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். உடம்பின் பாரம் கையில் விழுகிறது: சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கலாம், ஹேண்டில்பார் தாழ்வாகவோ எட்டமாகவோ இருக்கலாம். இப்போதைய சைக்கிளிலேயே சீட்டை மட்டமாக்குங்கள். ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மின் நீளத்தை இரண்டு செ.மீ. குறைத்துப் பாருங்கள். 28 மி.மீ. டயர் அந்த ஃபிரேமில் நுழையுமானால் போட்டு, காற்றைக் குறையுங்கள். பல பேர் 25 மி.மீ. டயரில் 110 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு அலுமினியத்தைத் திட்டுகிறார்கள். புது சைக்கிளுக்குப் பணம் கொடுக்கும் முன்பு விஷயம் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து அளவு பார்த்துக்கொள்வது, நீங்கள் செய்யப்போகும் செலவுகளிலேயே பலன் மிக்கது. டைட்டானியம் வாங்கினால் அந்த அளவுகள்தான் வரைபடத்தில் போகப்போகின்றன என்பதால் அந்தச் செலவு எப்படியும் தேவை.

வெயில் பற்றிய கவலையை விட்டுவிடலாம். கார்பன் ஃபிரேமை அச்சில் வைத்து 120 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் இறுக வைக்கிறார்கள். கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தாலும் அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போகாது. புற ஊதாக் கதிரை மேற்பூச்சு தடுத்துவிடும். சூடு உண்மையில் கெடுக்கக்கூடியது வேறொன்றை: சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் போட்ட கார்பன் சக்கரத்தை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம்மின் பிசின் இளகிவிட வாய்ப்புண்டு. டிஸ்க் பிரேக் வந்த பிறகு அந்தப் பேச்சும் முடிந்தது.

கார்பனின் உண்மையான பலவீனத்துக்கு வருகிறேன். அலுமினியத்தைப் போல அது ஓட்ட ஓட்டக் களைத்துப் போவதில்லை. ஒழுங்காகச் செய்த கார்பன் ஃபிரேமின் சோர்வுத் தாங்கும் திறன் உலோகங்களை வெட்கப்பட வைக்கும். நெடுக்கில் யானை பலம் காட்டும் மூங்கில் பக்கவாட்டு அடியில் பிளந்துகொள்வது மாதிரி, இழை ஓடும் திசையில் வரும் விசையைத் தாங்கும் கார்பன், எதிர்பாராத இடத்தில் கூர்மையான அடி விழுந்தால் மன்னிக்காது. மேல் குழாயின் சுவர் பல ஃபிரேம்களில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். டீக்கடை வாசலில் சாய்த்துவைத்த சைக்கிள் சரிந்து சிமென்ட் படியின் விளிம்பில் மேல் குழாய் மோதினால் போதும். பிரேக் போடும் வேகத்தில் ஹேண்டில்பார் சுழன்று குழாயில் இடித்தால் போதும். உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடும்; வெளியே பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். டைட்டானியத்தில் அதே அடி ஒரு கீறல், மிஞ்சினால் ஒரு சொட்டை. தேய்க்கும் நார் வாங்கிப் பத்து நிமிடம் தேய்த்தால் கீறலும் போய்விடும்.

அடிபட்ட கார்பனைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு நாணயத்தால் குழாய் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டிக்' என்று தெளிவாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போகும். இது முதற்கட்டச் சோதனை மட்டும். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட் கருவி வைத்திருப்பவரிடம் காட்ட வேண்டும். உடைந்த கார்பனைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. பாதித்த பகுதியைச் சாய்வாகத் தேய்த்தெடுத்து, புது இழைகளை அடுக்கி, பிசின் இறுக வைத்தால் நன்றாகவே நிற்கும். மிதிகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் பக்கமும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம் என்பேன்.

நீங்கள் 600 கிலோமீட்டர் ஓட்டங்களுக்கு வெளியூர் போகப்போகிறீர்கள். சைக்கிளை ஆம்னி பஸ்ஸின் அடித்தட்டில் திணிக்கும்போது பக்கத்தில் என்ன மூட்டை வந்து சாயும் என்று உங்களுக்குத் தெரியாது. ரயிலில் பார்சல் பெட்டிக்குப் போனால் எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. விமானத்தில் பாரிஸ் போகும்போது பெட்டியின் மேல் இன்னும் நாலு பெட்டிகள் ஏறும். சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கட்டினால் ஃபோர்க் முனைகளுக்கும் பின் முனைகளுக்கும் இடையே முட்டுக்கட்டை வைக்க வேண்டும் என்பது இரண்டு வகைக்கும் பொது. ஆனாலும் பெட்டியைத் திறக்கும்போது நெஞ்சு படபடப்பது கார்பன்காரருக்குத்தான். தகுதி பெற அந்த ஆண்டிலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்து, விடுப்பு வாங்கி, விசா எடுத்து அங்கே போய் இறங்கியவருக்கு, 600 கிராம் எடைக் குறைவைவிட இது பெரிய விஷயம்.

கார்பன் எச்சரிக்கை இல்லாமல் உடையும், உலோகம் சொல்லிவிட்டு உடையும் என்று ஒரு வாதம் உண்டு. பாதிதான் உண்மை. 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காபியின் கையில் ஹேண்டில்பார் அப்படியே கழன்று வந்தது. அவர் தரையில் விழுந்து தோளைக் காயப்படுத்திக்கொண்டார். முறிந்தது ஃபோர்க்கின் அலுமினியத் தண்டு. முன்னதாக ஏற்பட்ட விபத்தில் அது பலவீனப்பட்டிருந்தது. உலோகம் என்பதற்காக யாரும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

பலர் மறந்துவிடுவது ஃபோர்க்கை. டைட்டானியம் சைக்கிள் என்று நாம் சொல்வதில் ஃபோர்க் கிட்டத்தட்ட எப்போதும் கார்பன். டைட்டானியத்தில் ஃபோர்க் செய்தால் ஒன்று நெளியும், இல்லையென்றால் கனக்கும். உடைந்தால் பல் போகும் பாகம் ஃபோர்க். அது இரண்டு சைக்கிளிலும் ஒன்றே. எனவே கார்பன் மீதுள்ள பயத்தால் டைட்டானியம் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் இன்னும் சைக்கிளை உற்றுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். டைட்டானியத்தில் மிச்சப்படுத்தி ஃபோர்க்கில் தாராளமாகச் செலவு செய்யுங்கள். பெயர் தெரிந்த நிறுவனத்தின், சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 சோதனையில் தேறிய ஃபோர்க்காக வாங்குங்கள். ஸ்டெம் போல்ட்டை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, அதில் அச்சிட்ட அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். கையால் 'நல்லா இறுக்கி' விடும் மெக்கானிக்கிடம் கார்பனைக் கொடுக்காதீர்கள்.

இப்போது உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிற உங்களுக்கு இதுதான் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். டைட்டானியம் துருப்பிடிக்காது, அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் உப்புத் தண்ணீரைக்கூட உள்ளே விடுவதில்லை. கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையங்களின் கண்டென்சர் குழாய்களுக்கு டைட்டானியத்தைத் தேடி வாங்குவது இதனால்தான். கார்பனும் துருப்பிடிக்காது. ஆனால் கார்பனும் அலுமினியமும் உப்பீரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், தின்னப்படுவது அலுமினியம். கார்பன் ஃபிரேமில் பாட்டில் கூண்டு திருகும் அலுமினிய ரிவெட்டுகள் வெள்ளைத் தூள் பூத்துச் சுழல ஆரம்பிப்பதும், கியர் மாட்டும் இடத்தில் பூச்சு கொப்பளிப்பதும் இதன் வேலை. டைட்டானியத்தோடும் அலுமினியத்துக்கு இதே பகை உண்டு. டைட்டானியம் ஃபிரேமுக்குள் அலுமினிய சீட்போஸ்ட்டைப் பசை தடவாமல் செருகி இரண்டு மழைக்காலம் விட்டீர்களானால் பிறகு ரம்பம் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சீட்போஸ்ட்டுக்கும் பாட்டம் பிராக்கெட் மரைக்கும், உலோகங்கள் ஒட்டிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மறுபடி போடுங்கள். கார்பன் சீட்போஸ்ட்டானால் அதற்கென்று விற்கும் மணல் கலந்த பசை.

உப்பும் வியர்வையும் மற்றோர் இடத்தில் தொந்தரவு தரும்: ஹேண்டில்பார் திரும்புவதற்காக ஃபிரேமின் முன்பக்கத்தில் இருக்கும் ஹெட்செட் பேரிங். இன்றைய கார்பன் சைக்கிள்கள் பலவற்றில் பிரேக் ஹோஸும் கியர் ஒயரும் ஹெட்செட்டின் வழியே உள்ளே போய்விடுகின்றன. பார்க்க அழகு. ஆனால் மேல் பேரிங் துருப்பிடித்தால், கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த வளையத்தை மாற்ற ஹைட்ராலிக் ஹோஸைத் துண்டித்து, பிறகு எண்ணெய் ஏற்றி, காற்று நீக்க வேண்டும். நம் ஊரில் ஓட்டுகிறவரின் வியர்வை நேராகச் சொட்டுவது அந்த ஹெட்செட்டின் தலையில்தான். இத்தாலியில் உட்கார்ந்து வரைந்தவருக்கு இது நினைவுக்கு வந்திருக்காது. அதே மாதிரி, அழுத்திப் பொருத்தும் பாட்டம் பிராக்கெட். ஃபிரேமின் துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட மழைக்குப் பிறகு மிதிக்கு மிதி முனகும். மரை போட்ட பி.எஸ்.ஏ. வகையானால் எந்த ஊரிலும் அரை மணி நேர வேலை. டைட்டானியம் பட்டறைகள் கேட்டால் மரை வைத்தே கொடுக்கும். கார்பனில் அப்படிக் கொடுக்கும் மாடலைத் தேட வேண்டும், சில உண்டு.

டைட்டானியத்தைப் புகழ்ந்தது போதும். அதன் விலைக்கு முதற்காரணம் உலோகம் அரிது என்பதல்ல. பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள தனிமங்களில் அது ஒன்பதாவது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட் டைட்டானியத் தாதுதான். தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதுதான் பாடு: டைட்டானியம் டெட்ராகுளோரைடாக மாற்றி, காற்றுப் படாத கலத்தில் மக்னீசியத்தோடு வினைபுரிய வைக்கும் குரோல் முறை மெதுவானது, மின்சாரத்தையும் தின்னும். அதற்குப் பிறகு குழாயாக இழுப்பதும் அறுப்பதும் கடினம். கடைசியில் வெல்டிங். உங்கள் பணம் வீணாவதும் பலன் தருவதும் அங்கேதான் முடிவாகிறது.

சூடான டைட்டானியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். ஆகவே வெளியே மட்டுமல்லாமல் குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை ஓடவிட்டு, பற்றவைத்த இடம் ஆறும் வரை காற்றை அண்டவிடாமல் செய்ய வேண்டும். நல்ல பற்றுத்தடம் வெள்ளிபோல் மின்னும், அல்லது வைக்கோல் நிறத்தில் இருக்கும். நீலம், ஊதா என்றால் காற்றுப் பட்டிருக்கிறது. சாம்பல் வெண்மையாகப் பொடி படிந்திருந்தால் அந்த ஃபிரேமைத் தொடவே வேண்டாம். பல பட்டறைகள் இறுதியில் மணல் வீசி மேற்பரப்பைச் சீராக்கும். அப்போது நிறம் மறைந்துவிடும். அதனால் மணல் வீசுவதற்கு முன்பே பற்றுத்தடங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தரமான பட்டறை தயங்காது. சீனாவில் ஷான்ஷி மாகாணத்தின் பாவ்ஜி டைட்டானியத் தொழிலுக்கே பேர்போன ஊர்; அந்நாட்டில் நல்ல பட்டறைகளும் உண்டு, தொலைபேசியும் படங்களும் மட்டும் வைத்திருக்கும் இடைத்தரகர்களும் உண்டு. விலையில் இருவரையும் பிரித்தறிய முடியாது.

மோசமாகப் பற்றவைத்த டைட்டானியம் விரிசல் விடும். சீட் குழாயும் மேல் குழாயும் சேரும் இடம், பின்பக்க டிஸ்க் பிரேக் அமரும் இடம், பாட்டம் பிராக்கெட் அடிப்பக்கம் ஆகியவை கண் வைக்க வேண்டிய இடங்கள். அப்படி விரிசல் விட்டுவிட்டால் தெருமுனை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். எஃகுக்குச் செய்வதுபோல் செய்தால் விரிசல் பக்கத்திலேயே இன்னொன்று விடும். விண்வெளி, இரசாயன ஆலைகளுக்கு வேலை செய்யும் இடங்களில் டைட்டானியம் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளை எடுத்துக்கொள்ள அவர்களைச் சம்மதிக்க வைப்பது தனிக் கலை. ஃபிரேமைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் சரக்குக் கட்டணமும் சுங்கமும் யார் தலையில் என்பதை ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இறக்குமதித் தீர்வையும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்த பிறகுதான் கார்பனோடு விலையை ஒப்பிட வேண்டும். பலர் டாலர் விலையைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள்.

'ஆயுளுக்கும்' என்ற சொல்லையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். 1990-களில் செய்த டைட்டானியம் ஃபிரேம்கள் இன்றும் புதிதுபோல் இருக்கின்றன, உண்மை. அவற்றில் டிஸ்க் பிரேக் மாட்ட இடம் இல்லை, 28 மி.மீ. டயர் நுழையாது, பின்சக்கர அச்சுக்கு 130 மி.மீ. இடம் மட்டும். உலோகம் வாழ்கிறது, அதைச் சுற்றியிருந்த பாகங்களின் உலகம் போய்விட்டது. உங்கள் ஃபிரேமுக்கும் 20 ஆண்டில் அதுதான் நடக்கும். நிறுவனங்கள் தரும் ஆயுள் உத்தரவாதமும் பொதுவாக முதலில் வாங்கியவருக்கு மட்டும், விபத்துக்குச் செல்லாது. இது கார்பனுக்கும் பொருந்தும். உங்கள் உடம்புக்கென்று செய்த ஃபிரேமை விற்பதும் எளிதல்ல.

ஒருவேளை டைட்டானியம் செலவு கைமீறிப் போனால் வருத்தப்பட ஏதுமில்லை. சுமாரான டைட்டானியத்தைவிட நல்ல கார்பன் எவ்வளவோ மேல். அப்போது ஒன்று கவனியுங்கள். பெரிய நிறுவனங்கள் பல ஒரே அச்சில் இரண்டு மூன்று தரம் வார்க்கின்றன. விலை கூடியதில் விறைப்பு மிக்க இழைகள். எடை இருநூறு கிராம் அளவில் குறையும், அடிதாங்கும் சக்தியும் பெரும்பாலும் குறையும். உங்களுக்கு வேண்டியது கீழ்த் தரம்தான். 'ரேஸ்' என்று பெயரிட்டதை விட்டுவிட்டு, 'என்டியூரன்ஸ்' என்ற வகையில், 35 மி.மீ. டயர் நுழையும் மாடலை எடுங்கள். புகழ்பெற்ற பெயர் ஒட்டி அரை விலைக்கு வரும் போலி ஃபிரேமை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டைட்டானியம் என்று முடிவானால் பட்டறையிடம் இவற்றைக் கேளுங்கள்: இணைப்பில்லாத கிரேடு 9 குழாய், எல்லாம் ஒரே தடிப்பில். நடுவில் மெலிந்த குழாய் நூறு நூற்றைம்பது கிராம் குறையும் என்று விலை ஏற்றுவார்கள். பை கட்டி ஓட்டும் உங்களுக்கு அது வேண்டாம். பி.எஸ்.ஏ. மரை, 27.2 சீட்போஸ்ட், ஹெட்செட்டுக்குள் நுழையாமல் கீழ்க் குழாயில் நுழையும் ஹோஸ், மட்கார்டோடு 32 மி.மீ. டயருக்கு இடம், மட்கார்டுக்கும் மூன்றாவது பாட்டிலுக்கும் துளைகள். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தித் தரும் நீண்ட ஹெட் டியூப் (ஃபிரேமின் முன்குழாய்). ஸ்டெம்முக்கு அடியில் வளையங்களைக் கோபுரமாக அடுக்காமல் கை உயர்வது, உங்கள் விரலுக்கு டைட்டானியம் செய்யப்போகும் ஒரே நன்மை. டயரில் முன்னே 55, பின்னே 60 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வாருங்கள். வரைபடம் வந்ததும் கையெழுத்திடும் முன்பு, அளவு பார்த்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பழைய அலுமினிய சைக்கிளை விற்க வேண்டாம், 28 மி.மீ. டயரோடு மழைநாளுக்கும் வீட்டுக்குள் ட்ரெய்னரில் மிதிப்பதற்கும் அதுவே போதும், வியர்வை அதன் மேல் சொட்டட்டும்.